அரக்கில்லா வீட்டு அரக்கு

“மானம் கப்பலேறிட்டுக்கா,” என்று சொல்லிக்கொண்டே ஜோன்ஸ் பட்டறைக்குள் வந்தார். செருப்பைக் கழற்ற மறந்தது நினைவுக்கு வந்து, திரும்பிப் போய் வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எந்தக் கப்பல்? உங்க அண்ணன்மாரு வேலை பாக்குத தூத்துக்குடிக் கப்பலா?” ஆறுமுகத்தாய் தலை நிமிரவில்லை. தாலிக்குண்டு ஒன்றைக் குறட்டில் பிடித்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள்.

“கிண்டலை அப்புறம் பண்ணுங்க. முந்தாநாள் விக்கிரமசிங்கபுரத்துல ஒரு கல்யாண வீடு. முன்வரிசையில இருந்த ஒரு மில்லுக்காரர்கிட்ட ஒரு ரூபா கேட்டேன். கொடுத்தாரு. கையை மூடித் திறந்து, ஒண்ணை ரெண்டாக்கிக் காட்டுதேன். அந்த மனுசன் எந்திரிச்சு, ‘வாத்தியாரே, நான் தந்தது புது எவர்சில்வர் ரூபா, நீரு வச்சிருக்கது பழசுல்லா’ங்காரு. பந்தியில சோறு வச்சுக்கிட்டு இருந்தவன்கூட சட்டியைக் கீழே வச்சுட்டுச் சிரிக்கான்.”

ஆறுமுகத்தாயின் கணவர் சிவசண்முகம் ஆசாரி, எதிரே கொலுசுக்குத் திருகாணி வைத்துக்கொண்டிருந்தவர், தானும் சிரித்துவிட்டார்.

“அண்ணாச்சி, நீங்களுமா?”

“இல்லவே, அந்த ஆளுக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லுதேன்.”

ஜோன்ஸ் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் வாத்தியார். சனி, ஞாயிறுகளில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டால் வித்தைக்காரர். கடற்கரையில் கோயில் திருவிழா, மேற்கே கல்யாண வீடு என்று அழைப்பு வரும். அவருடைய வித்தை எல்லாம் காசு வித்தை. அந்தக் காசுகள் எல்லாம் திருநெல்வேலி டவுனில் இந்தப் பட்டறையில் பிறந்தவை.

அவற்றில் முதன்மையானது மூடிக்காசு. ஒரு ரூபாயின் பின்பக்கத்தையும் வயிற்றையும் கடைந்து எடுத்துவிட்டு, சிங்கத் தலை உள்ள முன்பக்கத்தையும் விளிம்பையும் மட்டும் ஒரு சின்ன மூடியைப்போல மிச்சம் வைப்பது. அதை இன்னொரு ரூபாயின் மேல் கவிழ்த்தால் ஒரே ரூபாய். நழுவ விட்டால் இரண்டு. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அது மட்டுமல்ல, இரண்டு காசைப் பாதிப்பாதி அராவி ஒட்டிய இரட்டைத் தலைக் காசு, மூன்றாக அறுத்து உள்ளே ரப்பர் கட்டி மடக்கி சோடா பாட்டிலுக்குள் போடும் மடக்குக் காசு, எல்லாம் இங்கே செய்ததுண்டு. பொட்டலத்தின் மேல் ‘சிவசண்முகம் ஆசாரி’ என்று எழுதியிருக்கும். இருபது வருஷமாக உள்ளே இருந்தது ஆறுமுகத்தாயின் கை வேலை.

“இப்ப என்ன வேணும்ங்கீரு?” என்றார் ஆசாரி.

“எவர்சில்வர் ரூபாயில மூடி.”

“ஆகாது.”

“ஏன் ஆகாது?” என்று கேட்டது ஜோன்ஸ் அல்ல, ஆறுமுகத்தாய்.

“ஏட்டி, எங்க தாத்தா விக்டோரியா வெள்ளி ரூபாயில செஞ்சாரு. வெண்ணெய் மாதிரி. எங்க அய்யா காலத்துல யுத்தம் வந்து, ரூபாயில வெள்ளி பாதியாப் போச்சு. அதுக்கும் கை பழகிச்சு. நடுவுல ஓட்டைக் காலணா வந்துது, அதுல மூடி செஞ்சா ஓட்டை வழியா உள்ள இருக்கது தெரியும், அதை விட்டுட்டாவ. நிக்கல் வந்துது, நாம செஞ்சோம். இது இரும்பு. காந்தத்துல ஒட்டுத சாமான். தட்டான் பட்டறையில இரும்புக்கு என்ன வேலை?”

ஜோன்ஸ் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். மெட்ராஸில் வித்தைச் சாமான் கடை வைத்திருக்கும் வெங்கட்ரமணன் வருஷாவருஷம் அச்சடிக்கும் விலைப் புத்தகம். வெங்கட்ரமணன் பூர்வீகம் கல்லிடைக்குறிச்சி. அவர் புத்தகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சாமானுக்குக் கீழும் செய்தவர் ஊரும் பேரும் போடுவார்.

“இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டையில எங்க வித்தைக்காரர் சங்கக் கூட்டம். அவரு வாராரு. எவர்சில்வர் ரூபாயில யாராவது மூடி கொண்டுவந்தா, சோதிச்சுப் பாத்துட்டு அடுத்த புத்தகத்துல போடுதேன்னு எழுதியிருக்காரு. பம்பாய்க்காரனாலயே முடியலையாம்.”

ஆறுமுகத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினாள். லண்டன், பம்பாய், கல்கத்தா, மறுபடி லண்டன்.

“திருநெல்வேலி இல்லை,” என்றாள். இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “பொம்பளை பேரும் ஒண்ணும் இல்லையே.”

“பொம்பளை யாருக்கா இதைச் செய்யுதா?” என்று சொன்ன ஜோன்ஸ், வார்த்தை வெளியே வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆறுமுகத்தாய் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “எவர்சில்வர் ரூபா கொஞ்சம் மாத்திக் கொண்டாங்க தம்பி. ஒரே வருசம் போட்டதா இருக்கணும். லேத்துப் பட்டறையில உருக்கை அறுக்குத முனை ஒண்ணும் கேட்டு வாங்கிட்டு வாங்க.”

அன்று முதல் தாலிக்குண்டு வேலை முடிந்து, பகல் சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு மேல் அவள் எவர்சில்வரோடு மல்லுக்கட்டினாள். காசை அரக்குக் கட்டையில் பதித்து, காலால் மிதித்துச் சுற்றும் மிதிகடைசலில் மாட்டுவாள். நிக்கல் என்றால் சுருள்சுருளாக வரும். இது பொடிப்பொடியாகத் தெறித்தது. முதல் மூன்று காசுகள் சிங்கத்தின் மூக்கு வரை ஓட்டையாயின.

“சிங்கத்துக்கு மூக்குத்தி குத்துதியா?” என்றார் ஆசாரி.

“கண்ணு வலிக்குன்னு சொன்னியளே, போய்ப் படுங்க.”

கடைவது பழகியதும் அடுத்த தொல்லை. மூடி, உள்ளே போகிற காசைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். மோதிரத்தைப் பெரிதாக்குகிற கூம்புக் கம்பியில் ஏற்றி, மரச்சுத்தியால் பைய தட்டினாள். விளிம்பு வெடித்தது. மறுபடி ஒன்று. அதுவும் வெடித்தது. ஆறாவது காசைக் குமுட்டி அடுப்பில் வைத்துச் செக்கச் செவேலென்று ஊதி, ஆறவிட்டு, பிறகு தட்டினாள். வெடிக்கவில்லை. ஆனால் காசு அடுப்புக்கரி நிறத்துக்குப் போயிருந்தது.

இங்கேதான் அவளுடைய பழைய குற்றமே கைகொடுத்தது. நிக்கல் காசு செய்த முதல் வருஷத்தில் அவள் செய்த பெரிய தப்பு, காசுக்கு மெருகு போட்டது. தட்டான் வீட்டில் எந்தச் சாமானும் மெருகு போடாமல் வாசல் தாண்டாது. அந்தப் பழக்கத்தில் மூடியைப் பளபளவென்று துலக்கிக் கொடுத்துவிட்டாள். அழுக்கு ரூபாய்களுக்கு நடுவே அது ஒன்று மட்டும் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது. ஜோன்ஸ் அன்றைக்குப் பட்ட பாடு தனிக்கதை. அதற்குப் பிறகு செய்து முடித்த காசைப் புளியிலும் எண்ணெயிலும் போட்டு அழுக்காக்கக் கற்றுக்கொண்டாள். மனசு ஒப்பாமல்தான் செய்தாள். இப்போது வந்திருக்கிற எவர்சில்வரோ அழுக்கே ஏறாத சாதி. கரியாகக் கிடந்ததை எடுத்து, ஆசை தீர, இருபது வருஷத்துக்கும் சேர்த்து மெருகு போட்டாள்.

அதன் பிறகும் அளவு பிசகியது, விளிம்பு கோணியது என்று மொத்தம் பதினோரு காசு பாழாகி, பன்னிரண்டாவது தேறியது. ஜோன்ஸ் வந்ததும் மூடி போட்ட ரூபாயையும் சாதா ரூபாயையும் அவள் மேஜையில் வைத்தாள். அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி குனிந்து பார்த்தார்.

“எது மூடி போட்டது?”

“நீங்கதான் சொல்லணும்.”

“தெரியலைக்கா.” தோற்றுப்போனதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விரலால் புரட்டினார். முகம் மாறியது. “ஆனா பேசுது.”

உள்காசு மூடியின் சுவரில் இடித்து, டிக் டிக்கென்று மெல்லிய சத்தம். நிக்கலில் அது அமுங்கிப் போகும். எவர்சில்வர் மணிபோலக் காட்டிக்கொடுத்தது.

“வெங்கட்ரமணன் கண்ணால பாத்துட்டு விட மாட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு, காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பாரு. இது நிக்காதுக்கா.”

ஜோன்ஸ் போனபிறகு ஆறுமுகத்தாய் மூடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் உள்சுவரை நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து அரக்குத் துண்டை எடுத்தாள்.

“அதை எதுக்கு எடுக்க?” என்றார் ஆசாரி.

“உள்ளே ஒரு பூச்சுப் பூசப் போறேன். வெங்காயத் தோல் கனம் போதும். சத்தம் அமுங்கிரும்.”

ஆசாரி கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“ஏன்னு நீ கேக்கலாமா? இந்த வீட்டுக்கு ஊருக்குள்ள என்ன பேரு?”

அரக்கில்லா வீடு என்று பேர். தட்டான் நகைக்குள் அரக்கை அடைத்து, அதையும் பொன் எடையில் சேர்த்துவிடுவான் என்று ஊர் உலகம் சொல்லும். ஆசாரியின் அப்பா காலத்தில் பாபநாசம் பக்கத்துப் பண்ணையார் ஒருவர், கனமான காப்பு ஒன்றைக் கொண்டுவந்து, நடுத்தெருவில் நின்று, இதற்குள் அரக்கு இருக்கிறது என்று சத்தம் போட்டார். ஆசாரியின் அப்பா வெட்டுளியை அவர் கையிலேயே கொடுத்தார். “நீரே வெட்டிப் பாரும்வே,” என்றார். வெட்டினால் உள்ளே முழுக்கப் பொன். அன்றிலிருந்து அந்தப் பேர். கல்யாணமாகி வந்த அன்று மாமனார் ஆறுமுகத்தாய்க்குச் சொன்ன முதல் விஷயமே அதுதான்.

“அது பொன்னு. இது வித்தைச் சாமான்,” என்றாள். “யாரையும் எடையில ஏமாத்தலையே.”

“பேரு என்ன, எடை பாத்தா கெடும்? ‘சிவசண்முகம் செஞ்சதுக்குள்ள அரக்கு இருந்துது’ன்னு ஒருத்தன் சொன்னா போதும். எதுக்குள்ளன்னு எவனும் கேக்க மாட்டான். புத்தகத்துல வேற அச்சடிக்கப் போறான்.”

“அப்ப இதை இப்படியே விட்டுரவா? மூணு வாரமா என் விரலைப் பாத்தியளா?”

“விரலைப் பாத்தேன். அதுக்காக? எம் பேருல அரக்கு வேண்டாம்.”

ஆறுமுகத்தாய் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ ஒரு கதவு தாழ்ப்பாள் இல்லாமலே இருந்திருக்கிறது என்று இப்போதுதான் கவனித்ததுபோல இருந்தது.

“சரி. அப்ப எம் பேருல இருக்கட்டும்.”

“என்னமும் செய்,” என்று ஆசாரி திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

அரக்கு பூசுவதும் சும்மா வரவில்லை. பட்டறை அரக்கில் குங்கிலியப் பிசின் சேர்ந்திருக்கும், சூடு பட்டால் ஒட்டும். வித்தைக்காரன் உள்ளங்கையோ வேர்க்கிற கை. உள்காசு ஒட்டிக்கொண்டு வராமல் போனால் சத்தம் வருவதைவிடக் கேவலம். குங்கிலியத்தைக் குறைத்து, செங்கல் பொடியை மெல்லிய துணியில் இருமுறை சலித்துச் சேர்த்துப் பூசினாள். பிறகு காசைச் சேலை மடிப்பில் இடுப்போடு செருகிக்கொண்டு, அடுப்படியில் நின்று சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், வெயிலில் கடைத்தெருவுக்குப் போய்வந்தாள். சாயங்காலம் எடுத்துச் சாய்த்தாள். ஒட்டியிருந்தது. அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கலவையை மாற்றினாள். மறுநாளும் ஒட்டியது. மூன்றாம் நாள் சாய்த்ததும் உள்காசு தண்ணீர் மாதிரி உள்ளங்கையில் விழுந்தது. காதோரம் வைத்து ஆட்டினாள். தன் வளையல் சத்தம்தான் கேட்டது. வளையலைக் கழற்றிவிட்டு ஆட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் அறுபது வித்தைக்காரர்கள் இருந்தார்கள். பெண் என்று பார்த்தால், கடைசி வரிசையில் ஆறுமுகத்தாய், சமையல்கட்டில் இரண்டு பேர். வர மாட்டேன் என்று சொல்லியிருந்த ஆசாரி, புதுவேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெங்கட்ரமணன் ஒல்லியான மனிதர். வெல்வெட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து, பழைய காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பேசினார்.

“காசு வித்தையோட சரித்திரம் என்னன்னு கேட்டேள்னா, அதை எழுதினது நாமில்லை, சர்க்கார். அவா காசை மாத்தும்போதெல்லாம் நம்ம பெட்டி குப்பையாப் போயிடறது. இதோ விக்டோரியா மூடி, லண்டன்ல பண்ணினது. ராணி போனா, இதுவும் போச்சு. இதோ ஜார்ஜ் ராஜா. அப்புறம் அணா போய் நயா பைசா வந்தது. ஒவ்வொரு தடவையும் எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து முதல்லேர்ந்து கத்துக்க வேண்டியிருந்தது. அந்த ஒருத்தன் பேரைத்தான் நான் புஸ்தகத்துல போடறேன். எவர்சில்வர் வந்து மூணு வருஷம் ஆச்சு. அந்த ஒருத்தன் இன்னும் வரலை.”

ஜோன்ஸ் எழுந்து போய் ஒரு ரூபாயை நீட்டினார்.

வெங்கட்ரமணன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். நகத்தால் விளிம்பைச் சுற்றிவந்தார். சுண்டிப் பிடித்தார். பிறகு, ஜோன்ஸ் சொன்னபடியே, கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்து ஆட்டினார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது.

“சும்மா ரூபாயைக் குடுத்து விளையாடறேளா, ஜோன்ஸ்?”

“சாய்ச்சுப் பாருங்க சார்.”

சாய்த்தார். ஒன்று இரண்டாயிற்று. அறுபது பேரும் அந்த வித்தையைத் தினமும் செய்கிறவர்கள். இருந்தும் அறுபது பேரும் கை தட்டினார்கள். வெங்கட்ரமணன் மட்டும் தட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மறுபடி மூடி, மறுபடி சாய்த்து, குழந்தைக்குக் கிடைத்த பொம்மைபோல ஐந்தாறு முறை பார்த்தார்.

“யார் பண்ணினா இதை? நீங்க எப்பவும் சொல்லுவேளே, சிவசண்முகம்னு, அவரா? வந்திருக்காரா?”

ஜோன்ஸ் கடைசி வரிசையைப் பார்த்தார். எல்லாத் தலையும் திரும்பிற்று. ஆசாரி எழுந்து நின்றார். அவர் இப்போது தலையை ஆட்டினால் போதும், இருபது வருஷமாக இருந்ததுபோலவே எல்லாம் இருந்துவிடும். ஆறுமுகத்தாய் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“என் வேலை இல்லை,” என்றார் ஆசாரி. “நான் ஆகாதுன்னு சொன்ன வேலை. இவ செஞ்சது. இதுக்கு முன்னால வந்ததும் இவ கைதான்.”

ஆறுமுகத்தாய் எழுந்தாள்.

வெங்கட்ரமணன் அவளைப் பார்த்து, எழுந்து, கும்பிட்டார். “சத்தத்தை எப்படிம்மா அடக்கினேள்? உள்ளே என்ன வெச்சிருக்கேள்?”

முன்வரிசையிலிருந்து ஜோன்ஸ் கையால் ஜாடை காட்டினார், சொல்லாதீர்கள் என்று. தொழில் ரகசியம், சொல்லாவிட்டால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆறுமுகத்தாய் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பதை இல்லாததுபோல மறைத்தால்தானே அது அந்தப் பண்ணையார் சொன்ன வேலை.

“அரக்கு,” என்றாள், கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்குக் கேட்கும்படி. “அரைக் குன்றிமணி எடை இருக்கும். சந்தேகம்னா சுரண்டி எடுத்து நிறுத்துப் பாத்துக்கிடலாம்.”

ஆசாரி நிமிர்ந்தார்.

“சபையில சொல்லிட்டேளே,” என்றார் வெங்கட்ரமணன். “நாளைக்கே அத்தனை பேரும் பண்ண ஆரம்பிச்சுடுவாளே.”

“செய்யட்டும். மூணு நாளு இடுப்புல செருகிக்கிட்டு அடுப்படியில நிக்கணும். அதுக்குத் தயாருன்னா கலவையும் சொல்லித் தாரேன்.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சமையல்கட்டுப் பெண்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

வெங்கட்ரமணன் சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார். “திருநெல்வேலி,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “பேரு என்ன போடட்டும்? வீட்டுக்காரர் பேரும் சேர்த்தா?”

“ஆறுமுகத்தாய். அது மட்டும் போதும். அவுக பேருல அரக்கு கிடையாது.”

அவள் நடந்து முன்னால் போய், அவர் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தாள். கடைசி எழுத்தின் புள்ளியும் விழுந்த பிறகுதான் கண்ணை எடுத்தாள். வெங்கட்ரமணன் நோட்டை மூடிவிட்டு, பையைத் துழாவி, இன்னொரு காசை அவள் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு ரூபாய்க் காசு.

“இதுக்கும் உலகத்துல ஆள் இல்லை,” என்றார்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறுமுகத்தாய் அந்தக் காசை நகத்தால் சுற்றிச்சுற்றி வந்தாள். வண்ணாரப்பேட்டை தாண்டி, ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் நல்ல வரத்து.

“பதினோரு மூலை,” என்றாள். “உள்காசு இம்மி திரும்பினாலும் மூலையில மாட்டிக்கிடும்.”

“வட்டமா இருந்தா கூம்புக் கம்பியில ஏத்தலாம்,” என்றார் ஆசாரி. “இதை எதுல ஏத்துவ?”

“பதினோரு பட்டை வச்சு ஒரு கூம்பு அடிச்சுத் தாங்க.”

“நானா?”

“பின்ன? உருக்கு அடிக்க என்னால ஆகுமா? கூம்பு உங்க பேருல இருக்கட்டும்.”

ஆசாரி காசை அவள் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உதடு அசைய மூலைகளை எண்ண ஆரம்பித்தார். பஸ் குலுங்கியதில் எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.